படகில் கை வைத்தது யார்?

“திருப்புதேன்ட்டி... தாவு!”

முத்துச்செல்வி சுக்கான் கம்பைத் தள்ளினாள். படகின் மூக்கு காற்றுக்கு நேராகத் திரும்பியது. பாய் படபடவென்று அடித்தது. பாயைத் தாங்கும் கழி தலைக்கு மேல் விசுக்கென்று பறந்து மறுபக்கம் போனது.

அவளும் பொன்மணியும் குனிந்து எதிர் விளிம்புக்குத் தாவினார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்யக்கூடிய வேலைதான். விளிம்பில் உட்கார வேண்டும். படகின் நடுவில் ஓடும் பட்டைக்கு அடியில் பாதங்களைச் செருக வேண்டும். உடம்பைக் கடலுக்கு மேலே மல்லாக்கச் சாய்த்து, கவிழப் பார்க்கும் படகை எடையால் நிமிர்த்த வேண்டும்.

பொன்மணி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் அவளால் இருக்க முடியவில்லை.

பாசி பிடித்த கிணற்றுப்படியில் கால் வைத்தவளைப் போல, பாதம் பட்டையைத் தேடும் முன்பே முதுகுப்பக்கமாகச் சறுக்கினாள்.

“மதினீ...”

அவ்வளவுதான் கேட்டது.

அதே நேரம் கரையிலிருந்து காற்றின் அடுத்த அடி வந்து விழுந்தது. பொன்மணியின் எடை இல்லாத படகு சாய்ந்தது. முத்துச்செல்வி பாய்க்கயிற்றை விட்டாள். சுக்கானை விட்டாள். விளிம்பைப் பற்றப் பார்த்தாள். அவள் விரல்களும் வழுக்கின. சிவப்புப் பாய் தண்ணீரில் அறைந்து விழ, அதன் மேலேயே அவளும் விழுந்தாள்.

ஆடி மாத மேல்காற்று அது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தொழிற்சாலைகளின் தகரக் கூரைகளை ஆட்டிவிட்டு, கரிசல் முழுக்கப் புழுதி வாரிக்கொண்டு, குளத்தூர் உப்பளங்களைத் தாண்டிக் கடலில் இறங்குகிற காற்று. கரையோரத் தண்ணீரைச் சிலேட்டுப் பலகை போலத் தட்டையாக வைத்திருக்கும். பார்க்கிறவனுக்குப் பயமே வராது. ஆனால் ஆளை உள்ளே, உள்ளே என்று தள்ளிக்கொண்டே போகும். இந்தக் காற்றில் கவிழ்ந்த படகு தானாகக் கரைக்கு வராது.

இதைப் படிக்கத் தெரிந்ததால்தான் இன்று காலைப் போட்டியில் முத்துச்செல்வி முன்னால் இருந்தாள். சுற்றிவர வேண்டிய மிதவை கரைப்பக்கம் கிடந்தது. படகுகள் காற்றை எதிர்த்து, இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். மற்றவர்கள் தண்ணீரில் காற்று வருவதைக் காட்டும் கறுப்புத் திட்டு தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தபோது அவள் கரையைப் பார்த்தாள். உப்பள வரப்பில் எந்தப் பக்கம் புழுதி எழும்பியதோ அந்தப் பக்கம் படகை முன்கூட்டியே கொண்டுபோனாள். காற்று வந்து சேர்ந்தபோது அவள் பாய் அங்கே காத்திருந்தது.

குளத்தூர் அருண்பாண்டியனுக்கு அது பொறுக்கவில்லை. தன் நீலப் பாயைக் கொண்டுவந்து சரியாக அவளுக்குக் காற்று வரும் வழியில் நிறுத்தினான். அவன் பாய் தின்று துப்பிய காற்றுதான் அவளுக்கு மிச்சம். படகு சோர்ந்தது. அவன் முந்தினான். நல்ல காற்று வேண்டுமென்றால் அவள் திரும்பியே ஆக வேண்டும்.

“விளிம்பு ஒரு மாதிரி வழுக்குது மதினி,” என்றாள் பொன்மணி.

“நனைஞ்சா வழுக்கத்தான்ட்டி செய்யும். நீ அவன் மேல கண்ணை வையி.”

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் திருப்பினாள்.

இப்போது தண்ணீருக்கு மேலே வந்த முத்துச்செல்வி உப்பைத் துப்பிவிட்டுக் கத்தினாள்.

“பொன்னூ! ஏட்டி பொன்னூ!”



பக்கவாட்டில் கிடந்த படகைச் சுற்றி நீந்தினாள். அடிப்பக்கம் வந்ததும் முதலில் தெரிந்தது ஒரு கால்.

அந்தரத்தில் நின்றது அந்தக் கால். முன்பக்கச் சிறு பாயின் கயிறு கணுக்காலில் இறுகச் சுற்றி, படகின் மேல்விளிம்பு வழியாக இழுத்துப் பிடித்திருந்தது. கால் மேலே. தலை கீழே. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை உடம்பைத் தூக்கப் பார்த்தது. கயிறு விடவில்லை. அலை வரும்போதெல்லாம் பொன்மணியின் முகம் காணாமல் போய், அலை போன பிறகு திரும்ப வந்தது.

*

கரையில் முத்துச்செல்வியின் அப்பா சண்முகராஜ் பைனாகுலரைத் திருகிக் கூர்மையாக்கினார்.

சிவப்புப் பாய் இருந்த இடத்தில் இப்போது வெள்ளையாக ஒரு படகின் வயிறு. பக்கத்தில் ஒரே ஒரு தலை. ஒன்றுதான். எந்தத் தலை? மகளா, தங்கச்சி மகள் பொன்மணியா?

மோட்டார் வைத்த காவல் படகு தூரத்து மிதவையில், கவிழ்ந்த வேறு இருவரைத் தூக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மனைவி கோமதி.

எடுக்காமல் இருக்க முடியாது. எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிப்பாள். மூன்று வருடமாக இதே வழக்கம். மூத்தவன் விஜயராஜ் சிநேகிதர்களோடு கடலில் குளிக்கப் போய், கோரைப்பாயில் சுருட்டப்பட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கோமதியம்மாள் வீட்டில் யாரும் கடல் என்ற சொல்லைச் சொல்வதில்லை. மீன் வாங்குவதில்லை. முத்துச்செல்வி கல்லூரி என்.சி.சி.யில் பாய்ப்படகு பழகியதும், அவளுக்காகச் சண்முகராஜ் பழைய படகு ஒன்றை வாங்கிக் குளத்தூர்க் கடற்கரைக் கொட்டகையில் போட்டதும் அந்த வீட்டில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் தூத்துக்குடியில் வங்கித் தேர்வு வகுப்புக்குப் போகிறாள். அப்பா கொண்டுபோய் விடுகிறார். பொய் இவ்வளவுதான். இதில் இன்னொரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் கோமதி பிழைக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் இந்தப் பொய்யைச் சொன்னார்.

“சொல்லு கோமதி.”

“புள்ள எங்க இருக்கா?”

“கிளாஸ்ல.”

“உள்ள இருக்காளா? நீங்க பாத்தீயளா?”

பைனாகுலரில் அந்த ஒற்றைத் தலையும் அலையில் மறைந்தது. சண்முகராஜ் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

“இங்கன காத்து வேலித் தட்டியெல்லாம் பிச்செறியுது. அங்கன எப்படி?”

“காத்தா? அப்படி ஒண்ணும் இல்ல. நான் பெறவு பேசுதேன்.”

“ஏங்க...”

அணைத்துவிட்டார். பக்கத்தில் கடற்கரை என்ற பேருள்ள கொட்டகைக் காவல்காரன் மணலில் நின்று, கைகூப்பிக் கடலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

*

முத்துச்செல்வி தன் தோளைப் பொன்மணியின் பிடரிக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். முகம் வெளியே வந்தது. உதடு நீலம்.

“மூச்சு விடுட்டி! ஏட்டி, நான்தான்ட்டி, விடு!”

ஒரு கையால் கணுக்காலை எட்டினாள். கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். படகின் மேல் ஏறி அந்தப் பக்கத்து முடிச்சை அவிழ்த்தால்தான் கயிறு தளரும். ஏற வேண்டுமென்றால் பொன்மணியின் தலையை விட வேண்டும்.

விட்டாள். படகின் வயிற்றில் பாய்ந்து கை போட்டாள்.

கை வழுக்கி வந்தது.

மறுபடி பாய்ந்தாள். முழங்கை, முழங்கால் எல்லாவற்றையும் ஊன்றிப் பார்த்தாள். உயிருள்ள மீனைப் பிடித்தது போல் படகு அவளை உதறிக் கீழே விட்டது. திரும்பி வந்து பொன்மணியின் தலையைத் தூக்குவதற்குள் இரண்டு அலை அந்த முகத்தின் மேல் ஏறி இறங்கிவிட்டன.

எத்தனையோ தடவை இந்தப் படகைக் கவிழ்த்து நிமிர்த்தியிருக்கிறாள். வயிற்றிலிருந்து நீளும் அடிப்பலகையில் ஏறி நின்று சாய்ந்தால் எழுந்துவிடும். ஒருநாளும் இப்படி வழுக்கியதில்லை.

அப்போதுதான் தன் நகக்கண்ணைப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு சுருள். தேங்காய்ப்பூவைப் போல மெல்லிசாக. கட்டைவிரலால் நசுக்கினாள். குழைந்து ஒட்டியது.

குடும்பத்தின் தீப்பெட்டி ஆபீஸில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குச்சிக்கு மருந்து வைக்கும் முன் தோய்க்கிற மெழுகு.

யாரோ தேய்த்திருக்கிறார்கள். வேண்டுமென்றே. உட்காரும் விளிம்பில், நிற்கும் பலகையில், வயிற்றில். காய்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல். நனைந்த பிறகு ஆளைத் தள்ளுகிற மாதிரி.

போன வாரம் உப்பளத்து டீக்கடையில் அருண்பாண்டியன் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. ‘கரிசக்காட்டுத் தீப்பெட்டி தண்ணியில நனைஞ்சா என்னாகும்னு வார ஞாயித்துக்கிழமை காட்டுதேன்.’

காட்டிவிட்டான்.

பின்னால் பாய் அடிக்கும் சத்தம். நீலப் பாய். அவனேதான்.

முன்னால் போய்க்கொண்டிருந்தவன், மிதவையைச் சுற்றாமல் படகைத் திருப்பிக் காற்றோடு இறங்கி வந்திருந்தான். அவர்களைத் தாண்டிப் போய், காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வளைந்து, பாயைத் தளர்த்திப் படகைச் செத்தது போல் நிற்க வைத்தான். சுக்கானைத் தன் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, இடுப்புக் கத்தியோடு குதித்தான்.

“கிட்ட வராதலே!” முத்துச்செல்வி அலறினாள்.

“கிறுக்கு மாதிரி கத்தாத! தலையைத் தூக்கிப் பிடி. என்ன ஆனாலும் விட்டுராத. கயித்தை நான் பாத்துக்கிடுதேன்.”

அவனும் படகில் கை போட்டான். அவனும் வழுக்கி விழுந்தான்.

“என்ன எழவு இது, இப்படி வழுக்குது!”

எவ்வளவு நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தாள் அவள்.

அவன் ஏற முயலவில்லை. பொன்மணியின் காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, எட்டிக் கத்தியை வைத்து அறுத்தான். கயிறு அறுந்தது. பொன்மணி முழுசாக முத்துச்செல்வியின் கைகளில் சரிந்தாள். கனமாக, சொன்ன பேச்சுக் கேட்கிற குழந்தையைப் போல அசையாமல்.

*

கரையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார்கள். மார்பை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது. கொஞ்சம் மூச்சும் வந்தது. கண் திறக்கவில்லை. யாரோ காரைப் பின்னோக்கிக் கொண்டுவர, சண்முகராஜின் தங்கை சுப்புத்தாய்க்குப் போன் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர், “நுரையீரலுக்குள்ள தண்ணி போயிருக்கு. காலையிலதான் எதுவும் சொல்ல முடியும்,” என்றார்.

சுப்புத்தாய் மகளின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழவில்லை. அண்ணனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பாத்துக்கிடுதேன்னுதான அண்ணே சொன்னிய?”

சண்முகராஜ் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வாசலில் அருண்பாண்டியன் ஈரத் துணியோடு நின்றிருந்தான். முத்துச்செல்வி நேராக அவனிடம் போனாள். போட்டி நடுவரும் படகுக் கழகத்துக்காரர்களும் அங்கேயே இருந்தார்கள்.

“ஏ, ஒன்னத்தான். எங்க படகுல மெழுகு தேச்சது நீதான?”

“மெழுகா?”

“டீக்கடையில வச்சு என்ன சொன்ன? நனைச்சுக் காட்டுதேன்னு சொன்னேல்ல?”

“அது வாய்ப்பேச்சு. ஒன்னைய ஜெயிச்சுக் காட்டுதேன்னு சொன்னது. மெழுகு தேச்சவன் எதுக்கு ரேசை விட்டுட்டு ஓடி வாரான்?”

“பொன்னு செத்துருவாளோன்னு பயந்து வந்த.”

“ஏ புள்ள, மெழுகு உங்க ஊர்ச் சரக்குல்லா. எங்க ஊர்ல உப்புதான் இருக்கு.”

“அதான்லே! பழி எங்க ஆபீஸ் மேல விழணும்னுதான் அதையே எடுத்திருக்க!”

அவன் நடுவரைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கணத்தில் அவன் முகத்தில் கோபத்தை விடப் பயம்தான் அதிகம் இருந்தது. அது அவளுக்குப் போதுமான சாட்சியாகத் தோன்றியது.

நடுவர் குறுக்கே வந்தார். “இது விளையாட்டுப் பேச்சு இல்லம்மா. நாளைக்குக் காலையில விசாரணை. ரெண்டு குடும்பமும் வரணும். நீ சொல்லுறது நிசமா இருந்தா அவன் இனிமே படகுல கால் வைக்க முடியாது. போலீசுக்கும் போகும்.”

“போகட்டும். நான் சொல்லுவேன்.”

சண்முகராஜ் கொட்டகைக் காவல்காரனைத் தனியே இழுத்தார்.

“கடற்கரை, சாவி யார்ட்ட இருந்துச்சு?”

“என்ட்டதான் அண்ணாச்சி.”

“இந்த வாரம் யாரு உள்ள வந்தா?”

கடற்கரை தன் கால்விரலைப் பார்த்தான். “யாரும்... யாரும் வரல அண்ணாச்சி.”

“அந்த உப்பளத்துப் பய வந்தானா? பயப்படாம சொல்லு. காசு குடுத்தானா, மிரட்டுனானா?”

“ஐயையோ, அந்தத் தம்பி வரல அண்ணாச்சி!” அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் திடமாக இருந்தது. அடுத்த கேள்விக்கு நிற்காமல் நகர்ந்துவிட்டான்.

*

அப்பாவும் மகளும் வந்த கார் விளாத்திகுளத்தைத் தாண்டியது. சாயங்கால வெயிலில் இருபுறமும் உழுது போட்ட கரிசல், தண்ணீர் போலவே கறுத்துக் கிடந்தது. முத்துச்செல்வி அந்தப் பக்கம் பார்க்காமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அம்மாட்ட என்ன சொல்ல?” என்றார் சண்முகராஜ்.

“பொன்னு, அத்தை கூடத் தங்கிட்டான்னு சொல்லுவோம்.”

“நாளைக்கு விசாரணைக்குக் கெளம்பணுமே?”

“மாதிரித் தேர்வு இருக்குன்னு சொல்லுதேன்.”

பொய்க்கு மேல் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவருக்கே பயமாக இருந்தது.

“பொன்னுக்கு ஏதாவது ஆச்சுன்னா...”

“ஆகாதுப்பா. அந்தப் படகுல கை வச்சவன் யாரா இருந்தாலும் நான் சும்மா விடமாட்டேன். அந்தக் கையை எல்லாரு முன்னாலயும் நீட்டிக் காட்ட வைக்கேன்.”

“நானும் கூட இருப்பேன் தாயி. எவனா இருந்தாலும் சரி.”

வீட்டு வாசலில் கோமதியம்மாள் நின்றிருந்தாள். வழக்கமாக அந்த நேரத்துக்கு அடுப்படியில் இருப்பவள். காற்று அவள் தலைமுடியைக் கலைத்துப் போட்டிருந்தது. கணவனை அவள் பார்க்கவில்லை. மகளை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள். கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். எல்லாம் இருக்கின்றன என்று எண்ணிச் சரிபார்ப்பவளைப் போல.

“கிளாஸ் லேட்டாயிட்டும்மா,” என்று ஆரம்பித்தாள் முத்துச்செல்வி. “பொன்னு இன்னைக்கு அத்தை கூட...”

“ஜெயிச்சியா?”

சண்முகராஜ் அப்படியே நின்றுவிட்டார்.

“எ... எதுலம்மா?”

“படகுலதான்.”

காற்றில் எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொண்டது. கோமதியம்மாள் கோபப்படவில்லை. அழவும் இல்லை. மகளின் கன்னத்தில் கை வைத்தாள். அந்த உள்ளங்கை மிருதுவாக, வழவழவென்று இருந்தது.

“உன் சுடிதாரைத் துவைக்கப் போட்டா விளிம்பெல்லாம் உப்பு பூத்திருக்கு. எந்த வகுப்புல தாயி உப்பு பூக்கும்? சித்திரையிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்கல. கேட்டா நீ போகாம இருந்துருவ. போகாம இருந்தேன்னா உள்ளுக்குள்ள செத்துருவ. உங்க அண்ணன் போன பெறவு நீ சிரிச்சது அந்த ஞாயித்துக்கிழமைகள்லதான்.”

“கோமதி...” என்றார் சண்முகராஜ்.

“நீங்க சும்மா இருங்க. இன்னைக்குப் போன்ல அம்புட்டுத் தைரியமாப் பேசுனீயளே, கிளாஸ்ல இருக்கான்னு. எனக்குத்தான் உசுரு நிக்கல. இன்னைக்குக் குளத்தூர்ல போட்டின்னு நீங்க குசுகுசுன்னு பேசுனது என் காதுல விழுந்துச்சு. அதான் வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் குளத்தூர் போனேன். மூணு வருசம் கழிச்சு அந்தத் தண்ணியப் பாத்தேன். கொட்டகைத் தம்பி, கடற்கரைன்னு பேரு, நல்ல மனுசன், கதவைத் தெறந்துவிட்டு அவன் வேலையப் பாக்கப் போயிட்டான். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டேன். உன் படகைத் தொட்டுப் பாத்தேன். இம்புட்டுக்காணு சின்னத் தொட்டி. இதுல என் புள்ள எப்படி அந்தத் தண்ணிக்குத் தப்புவாளோன்னு எனக்கு உடம்பெல்லாம் ஆடிருச்சு.”

முத்துச்செல்வியால் அம்மாவின் கையைக் கன்னத்திலிருந்து எடுக்கவும் முடியவில்லை, இருக்கவிடவும் முடியவில்லை.

“அம்மா... வேண்டாம்மா. சொல்லாத.”

“ஏன்ட்டி அழுத? நான் வெறுங்கையோட போகல. மெழுகுல தோஞ்ச குச்சியில ஈரம் ஏறாதுன்னு நம்ம ஆபீஸ்ல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். ரெண்டு பெரிய கட்டி எடுத்துட்டுப் போனேன். நீ உக்காருற விளிம்பு, நிக்கிற பலகை, அடிவயிறு, ஒரு இடம் விடல. நானே தேச்சு, நானே முந்தியால துடைச்சுப் பளபளன்னு ஆக்கிட்டு வந்தேன். சொல்லு தாயி... ஒரு சொட்டுத் தண்ணி கூட ஒட்டலதான?”